இரண்டு கண்ணி குறைவு

அக்கா "சரி" என்று சொன்னது போன வாரம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

எதற்குச் சரி? கடைச் சுவரில் இருக்கும் கறுப்பு டெலிபோனைத் துண்டிப்பதற்கு. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்த டெலிபோனைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே வகை: தப்பான நம்பர் போட்டவர்கள், எதையாவது விற்கப் பார்க்கிறவர்கள். ஆனாலும் மாதம் தவறாமல் பில் கட்டினாள். வாரத்துக்கு ஒரு தடவை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, 'கொர்' என்று சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் மகள்தான் படிவத்தை நிரப்பி நீட்டினாள்.

"கையெழுத்து மட்டும் போடும்மா. கூப்பிடணும்னு இருந்தா பதினோரு வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டிருப்பார்."

அக்கா போட்டாள். துண்டிக்கிற ஆள் இன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்காவைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். பழைய ஆட்டோமேட்டிக் வாட்சுகளைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து ஓட வைப்பது அவள் வேலை. ஓடுகிறதைப் படம் பிடித்துப் போட்டு விற்பது தம்பி வேலை. அவனுக்கு மகள் வைத்த பெயர் 'பத்துப்பத்து மாமா'. எந்த வாட்ச் கைக்கு வந்தாலும் முதல் காரியமாக முள்ளைப் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிறுத்தித்தான் படம் எடுப்பான். அப்போதுதான் வாட்ச் சிரித்த முகமாக இருக்குமாம்.

"உன்னைப் பார்த்தா எதுதான் மாமா சிரிக்காது?" என்பாள் மகள்.

பன்னிரண்டரை மணிக்குத் தம்பி அக்காவின் மேஜைக்கு வந்தான். முகம் முழுக்க வெளிச்சம்.

"காலையில ஒரு பார்சல் வந்துச்சே, வித்துப் போச்சு!"

"எது?"

"பச்சை முகம், ஸ்டீல் செயின். படம் போட்டு நாற்பது நிமிஷம் ஆகலை. நம்ம பல் டாக்டர் எடுத்துக்கிட்டார். ஆறு மணிக்கு நேர்ல வர்றார்."

"வரட்டும்."

"சர்வீஸ் பண்ணித் தர்றதாச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"உன்னைக் கேட்டா நாலு நாள் ஆகும்பே."

"ஆகும்தான். வாட்ச் என்ன துணியா, அலசிப் பிழிஞ்சு கையில கொடுக்க? அவர்கிட்டப் பல்லைக் காட்டிட்டு நாற்பது நிமிஷத்துல சரி பண்ணுங்கன்னு சொல்லிப் பாரு, தெரியும். சரி, வை இங்கே."

அவன் வைத்தான்.

பச்சை முகம், தேதி காட்டும் சின்னச் சன்னல். ஒரு காலத்தில் பத்துப் பேரில் மூன்று பேர் கையில் இருந்த மாடல். ஏறக்குறைய மாதம் ஒன்று கடைக்கு வரும். வரும்போதெல்லாம், பின்மூடியைத் திருகித் திறக்கிற அந்த ஒரு நொடி அக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டு வரும். அது தம்பிக்குத் தெரியாது. இதுவரை நூற்றுப் பதினெட்டு திறந்தாகிவிட்டது என்று அவள் மனசுக்குள் எண்ணி வைத்திருப்பதும் தெரியாது.

நூற்றுப் பத்தொன்பதாவது மூடி கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து மூடுவதற்கு முன்னால், பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பார்கள். கையில் கட்டிக்கொள்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. அடுத்துத் திறக்கிறவருக்கு மட்டும் தெரியும், நமக்கு முன்னால் ஒரு கை இதற்குள் போய் வந்திருக்கிறது என்று. சிலர் எழுத்துப் போடுவார்கள், சிலர் எண். அக்கா ஒரு சின்ன இலை போடுவாள்.

மூடிக்குள் மூன்று இலைகள் இருந்தன.

முதல் இலை கோணல். கல்யாணமாகி இரண்டாவது மாதம் போட்டது. "என் வாட்சைப் பிரிக்கணுமா? தாராளமாப் பிரி. திரும்ப ஓடலைன்னா உன்னைத்தான் கையில கட்டிக்கிட்டு பஸ் ஓட்டணும்" என்று அவர் சிரித்த நாளின் தேதி. மூன்றாவது இலைக்குப் பதிமூன்று வயது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வேறு யாருடைய கீறலும் இல்லை.

அக்கா கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். திரும்ப மாட்டிப் பார்த்தாள். மூன்று இலைகள்தான்.

"டேய்."

"ம்?"

"பார்சலைப் பிரிச்சப்போ இது ஓடிக்கிட்டிருந்ததா, நின்னிருந்ததா?"

"ஓடுச்சுன்னு நினைக்கறேன்."

"நினைக்காதே. ஓடுச்சா?"

"ஓடுச்சு, ஓடுச்சு. ஏன்?"

"எத்தனை மணி காட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும்? சாவியை இழுத்துப் பத்துப் பத்துக்கு வச்சுட்டேன்."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை.

"வச்சுட்டியா?"

"எப்பவும் வைக்கறதுதானே?"

"வீடு தீப்பிடிச்சாக்கூட நீ முதல்ல கடிகாரத்தைப் பத்துப் பத்துக்கு வச்சுட்டுத்தான்டா தண்ணி ஊத்துவே!"

"என்ன ஆச்சுக்கா இப்ப? உள்ளே ஏதாவது பாகம் மாத்தி ஏமாத்திட்டாங்களா?"

அவள் மூடியையும் லென்ஸையும் அவன் பக்கம் தள்ளினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"மூணு இலை. நீ சர்வீஸ் பண்ணினதுதான். நம்ம பழைய கஸ்டமர் யாரோ..." தேதியைப் படித்தவன் நிறுத்தினான். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அத்தானோடதா?"

அக்கா தலையை ஆட்டினாள்.

பஸ் டிரைவர் அவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் என்னவோ பேச்சு முற்றி, "போறதுன்னா போங்க, யார் பிடிச்சு வச்சா?" என்று அக்கா சொன்னாள். எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை? அன்று கடைசி டிரிப்பை முடித்து, பஸ்ஸை டிப்போவில் ஒழுங்காக நிறுத்தி, கையெழுத்துப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவர் போனார். வீட்டுக்கு வரவில்லை. தேடாத இடமில்லை. கையில் அந்த வாட்ச் இருந்தது.

"அக்கா, எத்தனை மணி காட்டினா என்ன? ஏன் அதைக் கேட்கறே?"

"ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழட்டி வச்சா எவ்வளவு நேரம் ஓடும்?"

"நாற்பது மணி நேரம்."

"அப்புறம்?"

"நின்னுடும்."

"நின்னுபோன வாட்சைப் பார்சல்ல போட்டு வழியெல்லாம் குலுக்கினா?"

"திரும்ப ஓட ஆரம்பிக்கும். ஆனா கண்ட நேரம்..." அவனுக்குப் புரிந்துவிட்டது. "சரியான நேரம் காட்டியிருந்தா, நேத்து வரைக்கும் ஒரு கையில இருந்திருக்குன்னு அர்த்தம்."

"அதைத்தான் நீ அழிச்சு வச்சிருக்கே. வாட்ச் சிரிக்கணும்னு."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். திடீரென்று நிமிர்ந்தான்.

"வீடியோ!"

"என்ன வீடியோ?"

"பார்சல் பிரிக்கறதை வீடியோ எடுப்பேன்ல! உடைஞ்சு வந்தா அனுப்பினவன் நாளைக்கு மாத்திப் பேசக்கூடாதுன்னு..."

செல்போனை மேஜை விளக்கின் மேல் சாய்த்து வைத்து இரண்டு பேரும் பார்த்தார்கள். தம்பியின் கைகள் அட்டைப்பெட்டியை அறுத்தன. அறுக்கும்போது அவன் ஏதோ பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தான்.

"சகிக்கலை. சத்தத்தைக் குறை."

பழைய துணியில் சுற்றிய பொட்டலம். துணி விலகியது. பச்சை முகம். நொடிமுள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! அங்கே நிறுத்து!"

படம் பிடிக்கிற மேஜையில் எப்போதும் இருக்கும் எண் கடிகாரம் ஓரத்தில் தெரிந்தது. பத்து நாற்பத்து மூன்று. வாட்ச் காட்டியது பத்து ஐம்பது. தேதிச் சன்னலில் இன்றைய தேதி.

"ஏழு நிமிஷம்" என்றாள் அக்கா.

திரையில் நின்ற முள்ளை விரலால் தொட்டாள்.

எல்லாருக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம், எனக்கு மட்டும் ஏழு நிமிஷம் கொசுறு என்பார் அவர். வாட்சை எப்போதும் ஏழு நிமிஷம் முன்னால் வைத்திருப்பார். வேலை முடிந்து கடைக்கு வந்தால் மூலையில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். "கிளம்பலாமா?" என்று இவள் கேட்டால், கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே" என்பார். அந்த ஏழு நிமிஷமும் எதுவும் பேசாமல் இவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றான் தம்பி.

"சொல்லு."

"பதிமூணு வருஷமா எண்ணெய் பார்க்காத வாட்ச். தானாவே ஏழு நிமிஷம் முன்னால ஓடியிருக்கலாம். யார் கையில இருந்தாலும்."

நியாயமான பேச்சு. அக்கா அதை மறுக்கவில்லை. எழுந்து போய் டைமிங் மெஷினின் உறையை எடுத்தாள். வாட்சின் சத்தத்தைக் கேட்டு, ஒரு நாளில் எத்தனை நொடி முந்தும், எத்தனை நொடி பிந்தும் என்று சொல்லிவிடுகிற பெட்டி அது. இழுத்து வைத்திருந்த சாவியை அழுத்தினாள். நின்றிருந்த நொடிமுள் புறப்பட்டது. மெஷினில் பொருத்திவிட்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

திரையில் கோடு கீழ்நோக்கிச் சரிந்தது.

"ஒரு நாளைக்கு நாற்பது நொடி பின்னால ஓடுது" என்றாள் அக்கா.

தம்பி குனிந்து திரையைப் பார்த்தான்.

"பின்னால ஓடற வாட்ச் ஏழு நிமிஷம் முன்னால நிக்குதுன்னா என்ன அர்த்தம்? ஒரு ஆள் நாலு நாளைக்கு ஒரு தடவை சாவியை இழுத்து, முன்னால தள்ளி வைக்கறார். விட்டுடாம. சரியா ஏழுக்கு."

"யாரு அனுப்பினாங்கன்னு பார்ப்போம்" என்று தம்பி அட்டைப்பெட்டியைத் தேடி ஓடினான். சீட்டில் ஊர் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஒரு செல்போன் நம்பர் இருந்தது. பெயருக்குப் பதில் ஒரு கோடு. நேற்று மதியம் போட்ட பார்சல்.

"உன்கிட்டப் பேசினாங்களா?"

"எங்கே பேசினாங்க? என் விளம்பரத்தைப் பார்த்துட்டு செய்தி அனுப்பினாங்க. இதோ. 'பழைய வாட்ச் ஒன்று இருக்கிறது. வாங்குவீர்களா?' நான் அனுப்புங்கன்னேன். 'விலை நீங்களே போடுங்கள்.' அவ்வளவுதான்."

"கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். மறுபடி ஓய்ந்தது.

"எடுக்கலை. எடுப்பாங்க, வேலையா இருப்பாங்க. அதுவரைக்கும்... ஆறு மணிக்கு டாக்டர் வர்றாரேக்கா."

அக்கா விளக்கை இழுத்துத் தாழ்த்தினாள்.

"வரட்டும். சொன்ன சொல்லு. நான் சர்வீஸ் பண்றேன்."

"நீ பண்ண வேணாம்."

"இதுவும் ஒரு வாட்ச்தானே? நூத்துப் பதினெட்டு பண்ணலையா?"

எந்த நூற்றுப் பதினெட்டு என்று அவன் கேட்கவில்லை.

ஒரு வாட்சைப் பிரிக்கும்போது முதல் வேலை, ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும் முறுக்கை இறக்குவது. முறுக்கை இறங்கவிடாமல் பிடித்திருக்கிற குட்டிப் பூட்டு ஒன்று உள்ளே இருக்கும். அதைத் திருப்புளி நுனியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், வாட்சின் உயிர் இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அக்கா திருப்புளியைப் பூட்டின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"என்னக்கா?"

"இதுக்கு யாரு சாவி கொடுத்தா?"

"ஆட்டோமேட்டிக்குக்கு யாரு கொடுப்பா? கை ஆட ஆடத் தானா ஏறும்."

"அதான். இதுக்குள்ள இப்ப இருக்கற முறுக்கு, நேத்து வரைக்கும் அவர் கை ஆடினதுல ஏறினது." திருப்புளியை எடுத்துத் தட்டில் வைத்தாள். "இதை என்னால இறக்க முடியாதுடா."

தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் டாக்டரிடம் பேசியது பாதி உள்ளே கேட்டது. "இல்ல சார்... பொருள்ல குறை இல்ல சார்... எங்க பக்கம்தான் குறை."

இரண்டரை மணிக்கு மகள் வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. இன்று டெலிபோன்காரர் வருகிறார் என்று அரை நாள் லீவு போட்டிருந்தாள். அம்மா கடைசி நேரத்தில் மனசு மாறிவிடக் கூடாதே.

"என்ன, ரெண்டு பேரும் பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

தம்பி சொன்னான். இலை, ஏழு நிமிஷம், நாற்பது நொடி, எல்லாம். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"அவரோடதுதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"உங்கம்மா கீறல் உள்ளே இருக்கு."

"நல்லதாப் போச்சு. அப்ப வித்துடுங்க."

"ஏய்..."

"வேற என்ன மாமா? ஆளை அனுப்பலையே, வாட்சைத்தானே அனுப்பியிருக்காங்க? அதுவும் விலைக்கு. அம்மா, நாலு மணிக்கு அந்த ஆள் வருவார். எதையாவது சாக்கு வச்சு..."

"எடுத்துப் பாரு" என்றாள் அக்கா.

"எனக்கு வேண்டாம்."

ஆனாலும் கை நீண்டது. எடுத்தவள் முகம் பார்க்கவில்லை, மூடியைப் பார்க்கவில்லை. நேராகக் காதில் வைத்தாள். சின்ன வயசில் அப்பாவின் கையைத் தலையணையாக வைத்துத்தான் தூங்குவாள். காதுக்கடியில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறக்கினாள்.

"இது ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? என் ஞாபகத்துல பெருசா இருந்தது."

"நீ அப்ப சின்னவ."

"வாட்சைச் சொல்லலை. செயின். அவர் கையிலிருந்து கழட்டி என் முழங்கை வரைக்கும் ஏத்திக்குவேனே. இது பார், என் கையிலயே சரியா நிக்குது."

அக்கா எழுந்து வந்தாள். செயினை விரலில் போட்டு, ஜெபமாலை உருட்டுவதுபோல் ஒவ்வொரு கண்ணியாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினாள்.

"பதினஞ்சு."

"எவ்வளவு இருக்கணும்?"

"அவர் கைக்குப் பதினேழு. நானே கழட்டிப் பூட்டினது."

மகள் பையைத் திறந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்தாள். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிற கோல். ஒரு கண்ணியை அளந்தாள். "ரெண்டு கண்ணின்னா கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர்." சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப சரிதான்" என்றான் தம்பி. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டான். "வேற யாரோ ஒல்லியான ஆள் கையில இருந்திருக்கு. அத்தான் எப்பவோ யார்கிட்டயோ கொடுத்திருப்பார். நாமதான் போட்டுக் குழப்பிக்கறோம்."

"வேற ஆள் எதுக்கு மாமா ஏழு நிமிஷம் முன்னால வைக்கணும்?"

"அது..."

"வேற ஆள் இல்ல." அவள் அளவுகோலை மடக்கத் தெரியாமல் மடக்கப் பார்த்தாள், அது மடங்குகிற கோலே இல்லை. "அப்பா இளைச்சுட்டார்."

பதினோரு வருஷமாக அவர், அந்த ஆள், உன் புருஷன் என்றுதான் அவள் வாயில் வரும். அக்கா மகளின் கையைப் பிடித்தாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி, தூசியே இல்லாத விளக்கைத் துடைத்தான்.

சொன்ன நேரத்துக்கு டெலிபோன்காரர் வந்துவிட்டார். தோளில் பை, கையில் காகிதம், நெற்றியில் வேர்வை.

"இங்கேதானே? கட் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கீங்க. இந்த ஏரியாவுல உங்களோடதுதான் கடைசி லைன். இதைப் பிடுங்கிட்டா நான் இந்தத் தெருப் பக்கமே வரவேண்டாம்."

"இன்னைக்கு வேண்டாங்க" என்றாள் அக்கா.

"போன வாரம் வேணும்னீங்க?"

"போன வாரம் வேற வாரம்."

"அம்மா, நான் ஆர்டரைப் போட்டாச்சு. மேலே கம்பத்துல பாதி வேலை முடிச்சுட்டு வர்றேன். இந்த ஒரு ஒயரை வெட்டினா முடிஞ்சுது. கையெழுத்து உங்களோடதுதானே?"

"கையெழுத்து அம்மாவோடது. எழுதினது நான்" என்றாள் மகள். "அண்ணே, அஞ்சு நிமிஷம் உட்காருங்க. மாமா, தண்ணி கொடு. ஒரே ஒரு கால் பேசிக்கறோம், அதுக்கப்புறம் என்ன வேணா வெட்டிக்கோங்க."

"உங்ககிட்ட செல்போன் இல்லையா?"

"இருக்கு. அதுல கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க."

தம்பி அதற்குள் இன்னும் இரண்டு தடவை முயன்று பார்த்திருந்தான். எடுக்கவில்லை. "இதுல மட்டும் எடுத்துடுவாங்களா?" என்றான்.

"தெரியாது மாமா. ஆனா இது யாரோட நம்பர்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தானே? அம்மா, நீ பேசு."

அக்கா ரிசீவரை எடுத்தாள். 'கொர்' என்று சத்தம் வந்தது. இத்தனை வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு வைத்தவள், இன்று முதல் தடவையாக வைக்கவில்லை. மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். அக்காவின் விரல் அழுத்தியது. பாதியில் விரல் தவறி, வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

டெலிபோன்காரர் ஒயர் வெட்டுகிற கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்த ஸ்டூலில் உட்காரப் போனார்.

"அதுல வேண்டாம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் பயந்துபோய் நாற்காலிக்கு மாறினார்.

மணி போனது.

ஒன்று. முழுசாக இரண்டாவது அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல். சின்னப் பெண்ணும் இல்லை, வயசானவளும் இல்லை. அக்காவுக்குத் தெரிந்த குரல் இல்லை.

"இந்த நம்பர் இன்னும் இருக்கா?"

மகள் அம்மாவின் முதுகில் கை வைத்தாள்.

"இருக்கு" என்றாள் அக்கா.

"இருக்கும்னுதான் சொன்னார். நான்தான் நம்பலை. பதினோரு வருஷம் ஒரு நம்பரை யாரு வச்சிருப்பான்னேன்..." குரல் நின்றது. தூரத்தில் ஏதோ பாத்திரம் உருண்டது. "நீங்க வாட்சைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"அதுல இலை இருக்குன்னு சொன்னார்."

"இருக்கு. மூணு."

தம்பி எதிரே நின்று 'யாரு? யாரு?' என்று வாயசைத்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. யார் நீ என்று கேட்க வேண்டும். எத்தனை வருஷமாக என்று கேட்க வேண்டும். எதற்கு அனுப்பினாய், கேட்டு அனுப்பினாயா, கேட்காமல் அனுப்பினாயா என்று கேட்க வேண்டும். எல்லாம் நாக்கு நுனியில் வந்து முட்டின.

"கை இளைச்சுடுச்சா?" என்றுதான் கேட்டாள்.

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துகிற சத்தம். பொத்திய கைக்குப் பின்னால் யாரிடமோ என்னவோ சொல்வது மங்கலாகக் கேட்டது. பிறகு கை விலகியது.

"வச்சுடாதீங்க. எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும்."

அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேஜையில் பச்சை முக வாட்ச், ஏறியிருந்த முறுக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

டெலிபோன்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"தெரியாதுண்ணே" என்றாள் மகள். "அந்தக் கட்டரைப் பைக்குள்ள வைங்க."